அனுப்பு பட்டனை அழுத்தத் தயங்குகிறவர்களுக்கு

நாலு வரி மெயில். எழுத ஐந்து நிமிடம், திருத்த முக்கால் மணி நேரம். 'கைண்ட்லி' போடலாமா 'ப்ளீஸ்' போடலாமா, கடைசி வரி கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறதோ, தேதியை மேலே போட்டிருக்கணுமோ. பக்கத்து சீட் நண்பரிடம் "ஒரு தடவை பாரேன்" என்று காட்டி, அவர் ஓகே சொன்ன பிறகும் இன்னொரு தடவை படித்து, ஒருவழியாக அனுப்பிவிட்டு, உடனே சென்ட் ஃபோல்டருக்குப் போய் அனுப்பியதையே திரும்பவும் படிப்பது. பதில் வர அரை மணி நேரம் ஆனால் வயிற்றைப் பிசைவது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது. அதிலும் தமிழ் மீடியத்தில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக, திருவண்ணாமலையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ சென்னை ஓஎம்ஆர் (ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சாலை) பக்கம் வேலைக்கு வந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறேன். வேலையில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் ஆள் தினமும் பரீட்சை எழுதுகிற மாதிரி இருப்பார். அவர்களுக்காகத்தான் இது. ஐடி வேலை என்றில்லை, பேங்க், பள்ளிக்கூடம், ஆராய்ச்சி மாணவர்கள் யாராக இருந்தாலும் உதாரணங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

பதற்றம், எல்லாம் கச்சிதமாக இருக்கணும் என்ற பிடிவாதம், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற சந்தேகம், இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்து அறிவுரை சொல்பவர்கள் உண்டு. தன்னம்பிக்கையோடு இரு, பாசிட்டிவாக யோசி, இப்படி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்றையும் உயிரோடு வைத்திருப்பது ஒரே விஷயம்தான்: பதற்றம் வந்ததும் அதைத் தணிக்க நாம் செய்கிற சின்னச் சின்ன வேலைகள். மெயிலைத் திரும்பப் படித்ததும் மனசு லேசாகிறது இல்லையா? அப்போது மூளை போட்டுக்கொள்கிற கணக்கு, 'ஏழு தடவை படித்ததால்தான் தப்பித்தோம்' என்பது. ஒரு தடவை படித்து அனுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த மெயிலுக்கு எட்டுத் தடவை தேவைப்படும். ஆகவே எண்ணத்தை மாற்றுகிற வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, செய்கைகளில் கை வைப்போம்.

முதல் வேலை: எதையும் மாற்றாமல் கவனிப்பது

இரண்டு மூன்று நாளைக்குப் போன் நோட்ஸில் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்தபோது அதைக் குறைக்க என்ன செய்தேன்? என்ன நினைத்தேன் என்பது வேண்டாம், அது பக்கம் பக்கமாகப் போகும். செய்ததை மட்டும் எழுதுங்கள்.

திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும், அதை விடுங்கள். மறைந்து நிற்பவைதான் முக்கியம். மீட்டிங்கில் டவுட் இருந்தும் கேட்காமல் தலையாட்டிவிட்டு, அப்புறம் ராத்திரி உட்கார்ந்து தானே தேடுவது. எட்டு ஸ்லைடு போதும் என்ற இடத்தில் முப்பது ஸ்லைடு செய்வது. பகலில் முடிக்க முடியாததை வீட்டுக்குப் போய் முடித்துவிட்டு, ஆபீஸ் நேரத்திலேயே முடித்த மாதிரி காலையில் காட்டிக்கொள்வது (இது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் அடுத்த வேலைக்கும் அதே நேரம்தான் தருவார்கள்). ஆங்கிலத்தில் பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, நம் முறை வரும்போது முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பதே காதில் விழாமல் போவது. 'பிறகு கேட்கலாம்' என்று தள்ளிப்போடுவது. நல்ல வாய்ப்பு வந்தால் 'எனக்கு அந்த அளவுக்கு அனுபவம் இல்லை சார்' என்று முந்திக்கொண்டு மறுப்பது.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சிதம் பார்க்கிறவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் வேலையை ஆரம்பிக்கவே மாட்டார்கள். அது சோம்பல் இல்லை. ஆரம்பித்தால் சுமாராக வருமோ என்ற பயத்திலிருந்து ஒதுங்குவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அதையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது: ஒன்றை எடுத்துக் குறைத்துப் பார்ப்பது

இதுதான் முழு விஷயமும், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பட்டியலில் இருப்பதிலேயே எளிதான ஒன்றை எடுங்கள். செய்வதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். 'டீமுக்கு அனுப்புகிற ஸ்டேட்டஸ் மெயிலை ஒரே ஒரு தடவை படித்து அனுப்பினால், அதில் தப்பு இருக்கும், டீம் லீட் எல்லார் முன்னாலும் சொல்வார்.' இது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எத்தனை? எண்பதா, எண்பது என்று போடுங்கள். அப்புறம் அனுப்புங்கள். சென்ட் ஃபோல்டரைத் திறக்கக்கூடாது. சாயங்காலம் என்ன நடந்தது என்பதை அதன் கீழேயே எழுதுங்கள்.

முன்கூட்டி எழுதுவதை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் இந்தப் பயிற்சியில் ஒன்றுமே இல்லை. எழுதாவிட்டால், எதுவும் நடக்காத நாளில் மனசு 'இன்னிக்குத் தப்பிச்சோம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எழுதியிருந்தால் எண்பது என்று போட்டது கண் முன்னால் நிற்கும்.

அனுப்பிய பிறகு பதற்றம் ஏறும். ஏறத்தான் செய்யும், வழக்கமாக அதை இறக்குகிற வேலையைத்தானே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 'இது எனக்கு ஒத்து வரலை' என்று முடிவுகட்டாமல், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வேலையை எடுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே இறங்கியது என்பதைத்தான் மூளை பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, பல தடவை.

ஒரு படி பழகியதும் அடுத்ததற்குப் போகலாம். சாட்டில் எழுத்துப்பிழை விழுந்தால் திருத்தாமல் விடுவது. மீட்டிங்கின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது, அதுவும் ஒத்திகை இல்லாமல். வேலை பாதியில் இருக்கும்போதே 'ட்ராஃப்ட்தான், போகிற திசை சரியா பாருங்க' என்று ரிவ்யூவுக்குக் காட்டுவது. இந்தக் கடைசி ஒன்றுதான் பலருக்கும் மலை. முடிக்காததைக் காட்டுவதா என்று. ஆனால் தப்பான திசையில் மூன்று நாள் அழகாகச் செய்து முடித்ததைவிட, முதல் நாளே காட்டிய அரைகுறை வேலைதான் லீடுக்கு வேண்டும். எந்த லீடையும் கேட்டுப் பாருங்கள்.

சில நாள் நீங்கள் எழுதியது நடந்தும் விடும். தப்பு இருக்கும், லீட் சொல்லுவார். நல்லது, அதையும் எழுதுங்கள்: என்ன சொன்னார், எவ்வளவு நேரம், அதற்கப்புறம் என்ன ஆயிற்று. பெரும்பாலும் 'தேதி மாறியிருக்கு, மாத்தி அனுப்பிடுங்க' என்று அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எங்கே குறைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரொடக்‌ஷனில் ஏற்றுகிற கோட், பணப் பரிமாற்றம், சம்பள ஷீட், நோயாளிக்கு எழுதுகிற மருந்து அளவு, இங்கெல்லாம் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் நடுங்கிக்கொண்டு பத்துத் தடவை பார்ப்பதால் அங்கேயும் தப்பு குறையாது. ஒரு செக்லிஸ்ட் வைத்து ஒரு தடவை முழுக் கவனத்தோடு பாருங்கள், முடிந்தால் இன்னொருவரும் பார்க்கட்டும். எல்லா வேலைக்கும் ஒரே அளவு கவனத்தைக் கொட்டுவதால்தான் முக்கியமான இடத்துக்கு வரும்போது ஆள் களைத்துப்போய் இருக்கிறார்.

அளவுகோல் ஏன் நகர்ந்துகொண்டே போகிறது

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஷாஃப்ரன், கூப்பர், ஃபேர்பர்ன் மூவரும் 2002-ல் கச்சித மோகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு கவனிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்படிப்பட்டவர்கள் வைத்த இலக்கை எட்டாவிட்டால் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். எட்டிவிட்டாலோ, இலக்கு சுலபமாக இருந்திருக்கிறது என்று அடுத்த முறை உயர்த்திவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தோல்விதான். கேம்பஸில் செலக்ட் ஆனபோது 'இந்த வருஷம் நிறையப் பேரை எடுத்தாங்க' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே 'எது வந்தால் போதும்' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்று கேள்விக்கும் பதில், ஒரு டேபிள், நாலு மணிக்குள்.' அது வந்ததும் நிறுத்தி அனுப்பிவிட வேண்டும். போதுமா என்பதை முடிக்கிற நேரத்தில் முடிவு செய்யப் போனால் உங்களிடம் இருக்கும் பதில் எப்போதுமே 'போதாது'தான்.

அளவுகோல் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. ஹ்யூவிட், ஃப்ளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தனக்குத் தானே வைத்துக்கொள்வது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நினைத்துக்கொள்வது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாணவர்களின் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 1989-க்கும் 2016-க்கும் நடுவில் மூன்றுமே கூடியிருந்தன, அதிகமாகக் கூடியது மூன்றாவது. நம் ஊரில் அதைப் புரியவைக்க ஆய்வு வேண்டியதில்லை. 98 எடுத்த பிள்ளையிடம் மீதி இரண்டைக் கேட்டு வளர்த்த ஊர் இது. ஆனால் உங்கள் மேனேஜர் உங்கள் அம்மா இல்லை. அவருக்குத் தலைக்கு மேல் வேலை, உங்கள் கமாவைப் பார்க்க நேரமில்லை.

எல்லாரும் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கும் இதே பதில்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் வெளிவந்தது. பாடகர் பாரி மானிலோவின் படம் போட்ட, போட்டுக்கொள்ள வெட்கமான ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர். நீங்கள் நேற்று 'டிட் நாட் வென்ட்' என்று சொன்னதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

'எனக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்'

1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இருவர், நன்றாகச் சாதித்த பெண்களிடமே இந்த எண்ணம் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள். பட்டம், பதவி எல்லாம் இருந்தும், அதிர்ஷ்டம் என்றோ தேர்வு செய்தவர்கள் தவறாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்றோ அந்தப் பெண்கள் விளக்கம் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கும் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

இதற்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, யாராவது நல்லதாகச் சொன்னால் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, எந்த வேலைக்காக என்று சேர்த்து, ஒரு ஃபைலில் போடுங்கள். 'சும்மா சொன்னாங்க' என்று உங்கள் விளக்கத்தைப் பக்கத்தில் எழுதக்கூடாது. அப்ரைசல் படிவம் நிரப்பும்போதும் அது உதவும், தனியாக உட்கார்ந்து யோசித்தால் உங்களுக்கு ஒன்றுமே ஞாபகம் வராது.

இரண்டு, கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "அக்கா, இது சரியா இருக்கா?" என்று கேட்டால் அக்கா "சூப்பர்மா" என்பார். அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் 'முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்க' என்று தோன்றும். அது தகவல் கேட்ட கேள்வி இல்லை, ஆறுதல் கேட்டது. அதையே "அக்கா, ரெண்டாவது பாராவுல டெலிவரி தேதி கிளையண்டுக்குப் புரியுமா?" என்று கேளுங்கள். பதிலில் ஏதாவது கிடைக்கும், கேட்ட உங்களுக்கும் வேலை தெரிந்த ஆள் என்ற தோற்றம் வரும். டவுட் கேட்பதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: அரை மணி நேரம் நீங்களே முயற்சி, அதற்குமேல் 'இதை இதைப் பார்த்தேன், இங்கே நிற்கிறேன்' என்று சொல்லிக் கேட்டுவிடுவது. புதிதாகச் சேர்ந்தவர் கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து அடிப்படையையே கேட்டால்தான் புருவம் உயரும், எனவே இப்போதே கேட்டுவிடுங்கள்.

பக்கத்து சீட் நண்பராக இருப்பவருக்கு: ஐந்தாவது தடவை காட்டும்போது "நல்லா இருக்கு" என்று சொல்லாதீர்கள். "உனக்கு என்ன தோணுது? அனுப்பிட்டு வா, டீ குடிக்கப் போலாம்" போதும்.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். டேட்டாபேஸ் வேலைக்கு வேண்டிய எஸ்க்யூஎல் மொழி தெரியாமல் அந்த வேலையில் இருந்தால், அது மனப்பிரச்சினை இல்லை, எஸ்க்யூஎல் படிக்க வேண்டும். அதேபோல, பிழை செய்தவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேவலப்படுத்துகிற மேனேஜர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அங்கே பதற்றப்படுவது உங்கள் கோளாறு அல்ல. அந்த இடத்தில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பதைவிட வேறு டீம் கேட்பதோ வேறு வேலை தேடுவதோ மேல்.

உடம்பு

உடம்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறோ எட்டோ எண்ணி விடுவது. மீட்டிங்குக்கு முன்னால் இரண்டு நிமிடம் போதும். காபியைக் குறைத்துப் பாருங்கள், மூன்றாவது காபிக்கும் பதற்றத்துக்கும் உடம்பில் ஒரே அறிகுறிதான். படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது எல்லாம் சேர்ந்து இருந்தால் ஒரு தைராய்டு டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுவது நல்லது, அங்கே கோளாறு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ராத்திரி படுத்ததும் நாளைய மீட்டிங் தலைக்குள் ஓட ஆரம்பிக்கிறதா? 'யோசிக்காதே' என்று சொன்னால் இன்னும் ஓடும். 1980-களிலிருந்து ஆய்வாளர்கள் சோதித்துவரும் ஒரு வழி, கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழு, ஒரே நாற்காலி, கட்டில் கூடாது. பகலில் வருகிற கவலையை ஒரு வரி எழுதி அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஆறரைக்கு உட்கார்ந்தால் பாதிக் கவலைகள் அதற்குள் காலாவதி ஆகியிருக்கும். மீதியில் நாளைக்குச் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதிவிட்டு ஏழு மணிக்கு எழுந்துவிடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்

மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்கள் இதே நிலை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, பயத்தினால் லீவு போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் தனியாகப் போராட வேண்டாம். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2006-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்குமேல் வந்தால் ஒருவரைப் பார்ப்பது சரி. கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு என்று சரிபார்ப்பதிலேயே தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் போகிறது என்றால் அது வேறு வகை, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் நம்புகிற ஒருவரையும் வரச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

வீட்டில் 'எல்லாருக்கும் இருக்கிறதுதான், மனசைத் தளரவிடாதே' என்பார்கள். அவர்களோடு வாதாடிக் களைத்துப்போகாதீர்கள். 'தூக்கம் வரலைம்மா, டாக்டரைப் பார்க்கப் போறேன்' என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அதுவே போதும்.

மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம். பதற்றத்துக்கு வழக்கமாகத் தருகிற மாத்திரைகள் வேலைசெய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே 'ஒன்றும் தெரியலை' என்று விடாதீர்கள், சரியானதும் நீங்களாக டக்கென்று நிறுத்தவும் வேண்டாம். கவுன்சிலிங்குக்குப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டி எழுதி வைத்த அந்த நோட்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், நூற்றுக்கு எத்தனை போட்டீர்கள், என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே 'என்னன்னு சொல்லத் தெரியலை' என்று திணறாமல் அங்கிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.